மாமல்லபுரம் மணலில் தொடங்கிய வலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகரங்களின் வானத்தில் வலைச் சிற்பங்களைக் கட்டித் தொங்கவிடும் ஜேனட் எக்கல்மன் பற்றிய கட்டுரையை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 'அமெரிக்கக் கலைஞர்' என்று தொடங்கி பாஸ்டனில் முடித்துவிட்டீர்கள், நடுவில் மாமல்லபுரம் என்ற பேரே வரவில்லையே!

1997-இல் ஓவியராகத்தான் இங்கே வந்தார் அவர். கண்காட்சித் தேதி வந்துவிட்டது, அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. சரி, சிற்பிகள் ஊராச்சே என்று வெண்கல வார்ப்பில் இறங்கினார், பெரிதாகச் செய்யப் போனால் எடையும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அப்புறம் கடற்கரையில் மீனவர்கள் வலையை மணலில் குவித்து வைப்பதைப் பார்த்தபோதுதான் கனமில்லாமலே பெரிய உருவம் செய்யலாம் என்று பிடிபட்டது. முதல் வலைச் சிற்பங்களை அந்த மீனவர்களோடு சேர்ந்தே செய்து, கம்புகளில் தூக்கிக் கட்டிப் படம் எடுத்தார்.

என் அப்பா வலை முடைந்தவர். நூலைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, வலைக் கண்ணின் அளவுக்கு ஒரு மூங்கில் துண்டை வைத்து, வலை ஊசியை உள்ளே விட்டு இழுத்து முடிச்சை இறுக்குவார், ஒவ்வொரு முடிச்சுக்கும் பல்லைக் கடிப்பார். 2015-இல் பாஸ்டனில் தொங்கிய வலையில் 160 கிலோமீட்டருக்கும் மேல் நூல், ஐந்து லட்சத்துக்கும் அதிகமான முடிச்சுகள் என்று படித்ததும் எனக்கு அந்தப் பெருவிரல்தான் ஞாபகம் வந்தது. (அங்கே இயந்திரமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.) அத்தனையும் மே மாதம் ஏற்றி அக்டோபரில் இறக்கியாகிவிட்டது. இதைப் போய் வீண் செலவு என்று கேலி செய்த வாசகருக்கு ஒன்று சொல்கிறேன், கடலுக்குப் போகிற வலை மட்டும் எத்தனை வருஷம் வருகிறதாம்?

'1.26' என்ற சிற்பத்தையும் நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். 2010 பிப்ரவரியில் சிலியில் வந்த நிலநடுக்கத்தால் ஒரு நாளின் நீளம் 1.26 மைக்ரோ வினாடி (வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ வினாடி) குறைந்ததாக நாசா விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள், அந்த எண்தான் பெயர். அப்போது எழுந்த சுனாமியின் தரவை வைத்து வலைக்கு வடிவம் கொடுத்தார். டென்வர், சிட்னி என்று ஊர் ஊராகப் போய் ஆம்ஸ்டர்டாமில் ஆற்றுக்கு மேலே தொங்கியது. இருட்டிய பிறகு வண்ண விளக்கு விழும்போது கயிறுகள் கண்ணுக்குத் தெரியாது, மிதக்கிற வலை மட்டும் தெரியும், கீழே தண்ணீரிலும் தெரியும். 2004 டிசம்பரைக் கரையில் நின்று பார்த்த எங்களுக்கு அது வெறும் அலங்காரமாகத் தெரியாது.

ஒரு வேண்டுகோள். அன்று வலை கட்டிக்கொடுத்தவர்களில் இளைஞர்களாக இருந்தவர்கள்கூட இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் செங்கல்பட்டு நிருபர் ஒருநாள் விடியற்காலை, படகுகள் கரையேறும் நேரத்தில் மாமல்லபுரம் போய் விசாரிக்கட்டும். யாராவது கிடைத்தால் படத்தோடு போடுங்கள், பேரையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவளம்