பூங்காவில் பொக்லைன் இறங்கும் முன்

சான் பிரான்சிஸ்கோ, மில்வாக்கி, ஹூஸ்டன் நகரங்களின் பூங்காத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

உங்கள் ஊர்ப் பூங்காக்களில் எங்கோ, சுமார் மூன்றடி ஆழத்தில், ஒரு பீங்கான் பேழை புதைந்து கிடக்கிறது என்று நம்பும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். உங்கள் பூங்காக்களுக்கு நான் வந்ததே இல்லை. கூகுள் ஸ்ட்ரீட் வியூவிலும் பழைய புகைப்படங்களிலும் மட்டும் பல இரவுகள் அங்கே நடந்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடும் புதையல் என்பதுதானே இந்த விளையாட்டு!

1982இல் பைரன் பிரைஸ் என்ற நியூயார்க் பதிப்பாளர் 'தி சீக்ரெட்' என்றொரு புத்தகம் கொண்டுவந்தார். (பின்னாளில் அதே பெயரில் வந்த சுயமுன்னேற்றப் புத்தகம் வேறு.) அதில் ஜான் ஜூட் பாலன்கார் வரைந்த 12 ஓவியங்கள், 12 பாடல்கள். எந்தப் பாடல் எந்த ஓவியத்துக்கு உரியது என்பதைக்கூட வாசகர்தான் கண்டுபிடிக்க வேண்டும். சரியான ஜோடி அமைந்தால் ஓவியம் ஊரைக் காட்டும், பாடல் பிரைஸ் பேழையைப் புதைத்த இடத்தைக் காட்டும். பேழைக்குள் இருக்கும் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு ரத்தினக்கல் பரிசு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் 12 பேழைகளில் கிடைத்தவை மூன்றுதான்: 1983இல் சிகாகோ, 2004இல் கிளீவ்லாந்து, 2019இல் பாஸ்டன்.

அந்த மூன்றும் எப்படிக் கிடைத்தன என்று பார்த்தால் நான் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்பது புரியும். சிகாகோ பாடலில் 'எல்' என்ற ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. அது கிராண்ட் பூங்காவில் அமர்ந்திருக்கும் லிங்கன் சிலை. கிளீவ்லாந்து பாடல் சாக்ரடீஸ், பிண்டார், அபெலெஸ் என்று மூன்று கிரேக்கப் பெயர்களைச் சொல்கிறது. அந்தப் பெயர்கள் கிரேக்கப் பண்பாட்டுத் தோட்டத்தில் கல்லில் பொறித்திருக்கின்றன. அங்கே உள்ள சுவரில் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறது பாடல். அந்தச் சுவரை யாராவது இடித்துக் கட்டியிருந்தால் அந்தப் பாடலுக்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும்.

பாஸ்டன் கதை இன்னும் நெருக்கமானது. பதினெட்டாம் நாள், பன்னிரண்டாம் மணி, விளக்கொளி என்கிறது பாடல். 1775 ஏப்ரல் 18 இரவு ஆங்கிலேயப் படை வருகிறது என்று எச்சரிக்க பால் ரெவீர் குதிரையேறிப் போனதும், தேவாலயக் கோபுரத்தில் விளக்கு ஏற்றியதும் அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே பாடலில் 'வீட்டில் இருப்பதுபோல் உணர்' என்று சாதாரணமாக ஒரு வரி வருகிறது. அது பேஸ்பால் மைதானத்தின் ஹோம் பிளேட், பந்தை அடிப்பவர் நிற்கும் இடம்! லாங்கோன் பூங்காவைப் புதுப்பிக்கத் தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, விடையைப் பிடித்த ஒருவர் அங்கே வேலை பார்த்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். பேழை கிடைத்தது. பிரைஸ் 2005இலேயே கார் விபத்தில் இறந்துவிட்டார், ஆனாலும் அவர் குடும்பத்தார் வாக்கைக் காப்பாற்றிக் கல்லை ஒப்படைத்தார்கள்.

பிரைஸ் விடைகளை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆள் இல்லை. உங்கள் பூங்காவின் படிக்கட்டும் மதில்சுவரும் மரமும் விளக்குக்கம்பமும்தான் மீதி இருக்கும் சாட்சிகள். ஒவ்வொரு சீரமைப்பிலும் அவற்றில் ஒன்றிரண்டு போய்க்கொண்டே இருக்கின்றன.

தேடுபவர்களால் உங்களுக்குத் தொல்லை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் முன்னோடி, 1979இல் கிட் வில்லியம்ஸ் இங்கிலாந்தில் வெளியிட்ட 'மாஸ்கரேட்' என்ற ஓவியப் புத்தகம். அதற்காக அவர் ஒரு தங்க முயலைப் புதைத்தார். 'ஹேர்' என்றால் முயல் என்பதால், ஹேர்ஸ்ஃபீல்ட் பீக்கன் என்ற குன்றைப் பெயரை மட்டும் நம்பிக் குடைந்தார்கள். 'இங்கே முயல் இல்லை' என்று பலகை வைக்க வேண்டியிருந்தது. உண்மையான விடை மிக நேர்த்தியானது. ஓவியத்தில் உள்ள உயிர்களின் கண்ணிலிருந்து விரல் நுனி வழியாகக் கோடு இழுத்தால், அது ஓரத்தில் உள்ள எழுத்தில் போய் முட்டும். அப்படிச் சேர்ந்த சொற்களின் முதலெழுத்துகள் ஆம்ப்தில் என்ற ஊரைக் காட்டின. இதை முறையாக விடுவித்த இயற்பியல் ஆசிரியர்கள் இருவர் அந்த இடத்தையே தோண்டியும் முயலைத் தவறவிட்டார்கள். 1982இல் அதை எடுத்துக்கொண்டு போனவர் புதிரை விடுவித்தவரே அல்ல என்று 1988இல் அம்பலமானது. தோண்டிப் போட்ட மண்ணைச் சரியாகப் பார்க்காததன் விலை அது. பீங்கான் பேழையும் அப்படித்தான். மெட்டல் டிடெக்டருக்குச் சிக்காது, மண்ணோடு மண்ணாக லாரியில் ஏறிவிடும்.

கண்டபடி தோண்ட எங்களை அனுமதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அனுமதியில்லாமல் தோண்டுபவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள், அது நியாயம்தான். நான் கேட்பது வேறு. ஓவியத்தோடும் பாடலோடும் இடத்தைப் பொருத்திக் காட்டும் கடிதங்களை வாங்கிக் கோப்பில் வைக்க ஒருவரை நியமியுங்கள். பூங்காவில் சீரமைப்பு வேலை தொடங்குமுன் அந்தக் கோப்பை ஒப்பந்தக்காரரிடம் ஒருமுறை காட்டுங்கள். அப்புறம், பழைய சுவரையோ படியையோ எடுக்க வேண்டி வந்தால், எடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் பிடித்துப் பொதுவில் வையுங்கள். கற்களை எண்ணுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகன்