எலும்பை அரிக்கும் செல்கள் பற்றி அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர்காலம் வந்துவிட்டது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் ஆய்வகத்திலிருந்து அறைக்கு இருட்டில்தான் திரும்புகிறேன். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போதுதான் வாய் வருகிறது. மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை.

போனில் நீ கேட்டாயே, "எலும்பைத் தின்கிற செல்லையா வளர்க்கிறாய்? அதை அடியோடு ஒழிக்க வழியில்லையா?" என்று. ஒழித்தால்தான் ஆபத்து அம்மா. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற அந்தச் செல் பழைய எலும்பைக் கரைத்தால்தான் அந்த இடத்தில் புது எலும்பு கட்ட முடியும். வளர்ந்தவர்கள் உடம்பில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. பிறவியிலேயே இந்தச் செல் சரியாக வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் அவர்கள் எலும்பு வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரியும், ஆனால் சட்டென்று உடையும். மஜ்ஜைக்கு இடமில்லாமல் ரத்தம் ஊறுவதும் குறையும்.

என் வேலை என்னவென்றால், மோனோசைட் என்ற வெள்ளணுக்களைத் தட்டில் வளர்ப்பது. அவை தனித்தனியாகத்தான் கிடக்கும். ராங்க் லிகண்ட் என்ற புரதத்தையும் வளர்ச்சிக்கு வேண்டிய இன்னொரு புரதத்தையும் சேர்த்தால், சில நாட்களில் ஒன்றோடொன்று கலந்து பெரிய ஆஸ்டியோகிளாஸ்ட் செல்லாகிவிடும். சாயம் போட்டுப் பார்த்தால் கருஞ்சிவப்பாக, உள்ளே நியூக்ளியஸ்கள் கொத்தாக இருக்கும். குறைந்தது மூன்று நியூக்ளியஸ் இருந்தால்தான் கணக்கில் சேர்ப்போம். எலும்புச் சீவலின் மேல் விட்டால் அமிலம் சுரந்து தாது உப்பைக் கரைக்கும். மிஞ்சும் புரதத்தைக் கெதெப்சின் கே என்ற நொதி அரித்துவிடும். பிறகு பார்த்தால் அங்கே ஒரு பள்ளம்! மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மனம் வராது.

உடம்பில் ராங்க் லிகண்டைத் தருவது யார் தெரியுமா? எலும்பைக் கட்டும் செல்களும் எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் செல்களும்தான். கட்டுகிறவர்களே கரைக்கவும் சொல்கிறார்கள். அளவு மீறாதிருக்க ஆஸ்டியோபுரோடெஜெரின் என்ற இன்னொரு புரதத்தையும் அவர்களே விடுகிறார்கள். 1997-இல்தான் இது தெரியவந்தது. பூட்டைத் தொடும் முன்பே சாவியைப் பிடுங்கிக்கொள்வதுபோல, இது ராங்க் லிகண்டை வழியிலேயே பிடித்துவிடும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இந்தச் சமநிலை சாய்ந்து, கரைப்பவர்கள் கை ஓங்குகிறது. உன் வயதில் எலும்பு மெலிய முக்கியக் காரணம் அதுதான். நீ ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைக்காதே.

அப்புறம், உனக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் ராங்க் லிகண்டைத்தான் பிடித்துவைக்கிறது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், இந்தத் தடவை வேண்டாம்" என்றாயே, அதைக் கேட்டுத்தான் பயந்துவிட்டேன். அந்த ஊசியின் வீரியம் தீர்ந்தால் அடக்கிவைத்த செல்கள் முன்னைவிட வேகமாகக் கிளம்பும். முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகூட வரலாம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார். நீயாக நிறுத்தாதே, தள்ளியும் போடாதே. அடுத்த ஊசி என்றைக்கு என்று அப்பாவை எழுதச் சொல்.

அன்புடன்,
உன் மகள்