குமுளி மக்களுக்கும் ஸ்டோர் அண்ணனுக்கும் நன்றி

எல்லாரும் பத்திரமாக இருக்கிறோம். சுற்றுலா பற்றி இங்கே வீடு வீடாகக் கேட்டு எழுத வந்த, நான் மொழிபெயர்த்துக் கொடுத்த வெளிநாட்டு மாணவப் பிள்ளைகளும் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மழையில் நாங்கள் மாட்டிக்கொண்ட அந்த ராத்திரி நடந்ததை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, எங்களை மேலே கொண்டுவந்து சேர்த்ததே நீங்கள்தானே.

அந்த மழையில் வண்டி எடுத்த ஜீப் டிரைவர்கள், ஹாலைத் திறந்துவிட்ட பாதிரியார் அச்சன், கட்டன் சாயா போட்டுக்கொண்டே இருந்த பள்ளிவாசல் தெருத் தம்பிகள், கஞ்சியும் பயறும் கொண்டுவந்த சேச்சிமார், நர்ஸுகள், விடிய விடிய போன் பண்ணிய கம்பம் கூடலூர் சொந்தங்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்து என் கும்பிடு.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைக் கவனிக்கிற அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் நோட்டுகள் முழுக்க நனைந்துவிட்டன. ஹோம்ஸ்டே நடத்துகிற அக்காமார், காட்டு வழிகாட்டிகள், ஜீப் ஓட்டுபவர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவை. பென்சிலில் எழுதியதால் எழுத்து அழியவில்லை, ஆனால் தாளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. உயிர் பிழைத்து வந்த நேரத்தில் நோட்டைப் பற்றி அழக் கூடாது என்று நாங்கள் வாயே திறக்கவில்லை. அண்ணன்தான் அந்த ஈர மூட்டையைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, கணக்கு நோட்டா?" என்று கேட்டார். சொன்னதும் ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு போய் ஏலக்காய் டிரையரில் ஒரு தட்டைக் காலி பண்ணி அடுக்கிவிட்டார்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதன் அருமை புரியும். காய் பறிப்பு மும்முரமாக இருக்கிற நேரம், பறித்த காய் காத்துக் கிடக்காது. உள்ளே சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி ஒரே சீராக நிற்க வேண்டும், தப்பினால் காயின் பச்சை போய்விடும், பச்சை போனால் புத்தடியிலோ போடியிலோ ஏலத்தில் யார் விலை கேட்பார்கள்? அப்படியிருந்தும் அவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல், அவ்வப்போது கதவைத் திறந்து, விறகைத் தள்ளிச் சூட்டைச் சரிபண்ணி, ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருப்பிப் போட்டிருக்கிறார். காலையில் வரிசை மாறாமல் கட்டிக் கையில் கொடுத்தார். பணம் பற்றிப் பேச்செடுத்ததற்கே முகம் சுளித்தார்.

அந்த நோட்டுகளில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். வந்த புதிதில் அந்தப் பிள்ளைகள் அச்சடித்த படிவத்தோடு போய், "சுற்றுலாவால் உங்களுக்குச் சந்தோஷமா?" என்று கேட்பார்கள், நான் தமிழிலும் மலையாளத்திலும் மாற்றிச் சொல்வேன், "சந்தோஷம்தான்" என்று பதில் வரும், அதோடு சரி. அப்புறம்தான் படிவத்தை மூடிவைத்துவிட்டு, போன சீசனில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், ஐயப்ப சாமிமார் வந்து போனபின் குப்பையை யார் அள்ளினார்கள், காட்டு நடைக்கு வாங்குகிற கட்டணத்தில் கூட வருகிற வழிகாட்டி கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்கப் பழகினார்கள். வயணப் பட்டை, அதாவது காட்டு லவங்கப் பட்டை, உரித்துக் கடத்திக்கொண்டிருந்தவர்களே, 1996-ல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு பெரியாறு காட்டுக்கு வழிகாட்டிகளாகவும் காவலாகவும் மாறிய ஊர் இது. அந்த அனுபவத்தை அவர்கள் வாயாலேயே கேட்பதற்குத்தான் இந்தப் பிள்ளைகள் இத்தனை தூரம் வருகிறார்கள். சில வாரம் தங்கிவிட்டுப் போகிற மாணவர்களால் இங்கே எதையும் மாற்றிவிட முடியாது என்பதுதான் என் கருத்து, ஆனால் ஒழுங்காகக் கேட்கவும் கேட்டதை அப்படியே எழுதவும் கற்றுக்கொண்டு போகலாம், அதற்கு ஆதாரம் அந்த நோட்டுகள்தான். அவை போயிருந்தால் நீங்கள் வேலையை விட்டு உட்கார்ந்து சொன்னதெல்லாம் வீணாகியிருக்கும்.

அதனால் இதை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டுகளை வைத்து எழுதுகிற அறிக்கை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போவதற்கு முன்னால் இங்கே வாசிக்கப்படும், தமிழிலும் மலையாளத்திலும். தண்ணீர் லாரிக் கணக்கைச் சொன்ன அக்காமார் எல்லாரும் வர வேண்டும், தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்துங்கள். காய் வேலை முடிந்து ஸ்டோர் அண்ணனுக்கு எந்த நாள் தோதுப்படுமோ அந்த நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.