மலைநடைச் சங்க ஆண்டறிக்கை: 2025 ஏப்ரல் – 2026 மார்ச்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கம்போலக் குரங்கணியை நினைத்து ஒரு நிமிடம் எழுந்து நின்றுவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்கியிருக்கிறோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்து மலையில் பற்றிய தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதில் நம் ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. இதை ஏன் வருடா வருடம் செய்ய வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் கேட்டார்கள். காய்ந்த புல்மேட்டில் காற்று கூட்டி வரும் தீயை மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. மாசி, பங்குனியில் மலை எப்படி இருக்கும் என்பது நமக்கு மறக்கக் கூடாது. அதற்காகத்தான்.

உறுப்பினர் எண்ணிக்கை இந்த ஆண்டு 58-லிருந்து 71 ஆனது. செயற்குழு ஆறு முறை கூடியது. பதினொரு நடைகள் திட்டமிட்டு, பத்து நடந்தோம். ஐப்பசியில் ஏற்காட்டுக்குப் போட்டிருந்ததை மழை நிறுத்திவிட்டது. பத்தில் எட்டு, பக்கத்துக் குன்றுகள். இரண்டுதான் பெரிய மலை. இந்தக் கணக்கில் சிலருக்கு வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். 'சென்னிமலை ஏற ஒரு சங்கம் வேணுங்களா?' என்று என்னிடமே நேராகக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லும் விதமாகவே இந்த அறிக்கையை எழுதியிருக்கிறேன்.

முதலில் கொல்லிமலை. மார்கழி மாதம், வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு போனோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வண்டிக்குத் தலைசுற்றல். அப்புறம் மேலே போய் அந்தக் குளிர்காற்று முகத்தில் பட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், இடையிடையே காபி, பலா. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்கினோம். அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். கீழே போய் நின்றபோது திவலை பட்டு மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. பத்து நிமிடம் ஒருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை.

அங்கே நடந்த தவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். ஆனால் தவறு என்னுடையது. தாமதமான அன்று அருவியைப் பார்க்காமல் திரும்புவோம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லாமல் போயிற்று. ஏறி வரும்போது பாதிப் படியில் நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். ஐந்தே முக்காலுக்கெல்லாம் பள்ளத்தில் இருட்டு இறங்கிவிட்டது. இருபத்து மூன்று பேரில் டார்ச் வைத்திருந்தது இரண்டே பேர். மேலே கடை போட்டிருந்த மலைவாசிப் பையன்கள் இருவர் கேட்காமலேயே இறங்கி வந்து, துண்டை முறுக்கி அவர் இடுப்பில் சுற்றி, முன்னால் ஒருவர் இழுக்கப் பின்னால் ஒருவர் தாங்க, ஏற்றிக் கொண்டுவந்தார்கள். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. 'இறங்கும்போதே அவரு ஒரு காலைச் சாய்ச்சுத்தான் வெச்சாருங்க, நீங்க பாக்கலீங்களா?' என்று கேட்டான் சின்னவன். நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அந்த வாரமே செயற்குழு கூடி, இனி எந்த நடையிலும் திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டுதான் கிளம்புவது என்று முடிவெடுத்தோம். பாதி வழியில் இருந்தாலும் அந்த நேரம் ஆனால் திரும்புவோம்.

இரண்டாவது, தை மாதம் ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப். குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருகிறார். பெரும்பாலும் அந்தந்தக் காட்டைச் சேர்ந்த பிள்ளைகள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் அதற்கு முன்பே போய்வந்தோம்.

சேத்துமடை வழியாக ஏறும்போதே வெயில் மாறிவிடுகிறது. மேலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால் டாப்சிலிப் என்று பெயர் வந்ததாம். அப்படி வெட்டி மொட்டையான காட்டில், ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். அவர் கல்லறையும் அந்தத் தேக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

எங்களோடு வந்த வழிகாட்டி காடர் இனத்தவர். ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தி, குனிந்து, தரையில் கிடந்த விதைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அத்திப்பழத் தோல், பட்டாணி அளவு கொட்டைகள், இன்னும் ஈரமாக. அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் பொந்து, அதில் ஒரு கோடு மாதிரி பிளவு. உள்ளே பெண் இருவாச்சிப் பறவை. தன்னை உள்ளே வைத்து வாசலைப் பூசிக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும். குஞ்சு வளரும்வரை அந்தப் பிளவு வழியாக ஆண் ஊட்ட வேண்டும். 'சார், அப்பன் நம்மளப் பாத்தா இறங்காது. அது இறங்கலன்னா உள்ள இருக்கிறது பட்டினி. தள்ளி வந்திருங்க' என்றார். நாற்பது அடி தள்ளிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அரை மணி நேரம். முதலில் வந்தது சத்தம்தான். பவானி ஜமக்காளத்தை இரண்டு பேர் பிடித்து உதறுவது போல இறக்கை அடிக்கும் சத்தம். பிறகு மஞ்சள் மூக்கு. ஒவ்வொரு பழமாகத் தொண்டையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தது. எங்களோடு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை எண்ணிக்கொண்டே இருந்தது, பதினேழு பழம்.

வெள்ளியங்கிரிக்கு இந்த ஆண்டும் சங்கமாகப் போகவில்லை. ஏழு மலையும் ஏறி இறங்க உடம்பு தயாராக இருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. தனியாகப் போகிறவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். நம் நொய்யல் பிறக்கும் மலை அது. நெகிழிக் காகிதம் ஒன்றைக்கூட மேலே விட்டு வராதீர்கள்.

இனி குன்றுகள். அறச்சலூர் நாகமலைக்கு நம்மில் பாதிப் பேர் இதுவரை போனதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். ஈரோட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெள்வேலும் கிளுவையும் தாண்டி ஏறினால் ஆண்டிப்பாறைக் குகை. அங்கே ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் 'த தை தா தை த' என்று தொடங்கும் தாள எழுத்துகள், வரிக்கு ஐந்தாக ஐந்து வரி. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றே வரும். அதை அமைத்தவர் பெயர் தேவன் சாத்தன், காசு நோட்டம் பார்க்கும் வண்ணக்கன். நம் உறுப்பினர்களில் பரதம் கற்ற ஒரு பெண் அதைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தார், அவரையறியாமல் கால் தாளம் போட்டது. அந்தப் பாறைக்கு முன்னால் அதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இறங்கி வரும் வழியில் பிஸ்கட் உறை, தண்ணீர்ப் பாட்டில், உடைந்த கண்ணாடி. ஏழு சாக்கு நிறைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் வந்து நின்றார். 'ஏனுங் கண்ணு, இதையெல்லாம் ஆருங் கொண்டாந்து போடறது? போன மாசம் என்ற ஆடு ஒண்ணு காயிதத்தைத் தின்னு வயிறு ஊதிச் செத்துப்போச்சுங்' என்றார். நாங்கள் போடவில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. மலையேற வருகிறவர்கள் என்றால் அவருக்கு நாங்களும் ஒன்றுதான்.

பெரிய மலைக்கு வனத்துறை இருக்கிறது, சோதனைச் சாவடி இருக்கிறது. குன்றுக்குப் பெரும்பாலும் யாரும் இல்லை. கல்லுக்காக வெட்டினால் ஒரு குன்று திரும்ப முளைக்காது. கோபி வட்டம் எலத்தூரில் இருக்கும் இன்னொரு நாகமலைக் குன்றை 2025-ல் அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது நமக்கெல்லாம் பெரிய மகிழ்ச்சி. அப்படி ஓர் அறிவிப்பு வர, அங்கே என்ன பறவை, என்ன செடி என்று யாராவது பொறுமையாக எழுதி வைத்திருக்க வேண்டும். அதைத்தான் நாமும் தொடங்கியிருக்கிறோம். இந்த நடைக் கணக்கு போக, சென்னிமலையின் 1,320 படிகளை மாதம் ஒருமுறை விடியலில் ஏறுகிறோமே, அது உடம்புக்கு மட்டுமல்ல. எந்தச் சுனையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கிறது என்று நோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. வரும் ஆண்டில் ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு நோட்டு போட உங்கள் ஒப்புதலைக் கேட்கிறேன்.

சந்தாவை உயர்த்தவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். முதலுதவிப் பயிற்சி தந்த மருத்துவருக்கும், சாக்குகளை ஏற்றிச் சென்ற அறச்சலூர் டிராக்டர்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த நடை, சித்திரை முதல் ஞாயிறு, ஊதியூர். உத்தண்ட வேலாயுதசாமி கோயில் படியடியில் காலை ஐந்தரைக்கு எல்லோரும் இருக்க வேண்டும். கொங்கணச் சித்தர் குகை வரை ஏற்றம். எங்கே இருந்தாலும் எட்டரைக்குத் திரும்புகிறோம். தண்ணீர் இரண்டு லிட்டர், தொப்பி, ஆளுக்கொரு டார்ச். பகல் நடைதானே என்று டார்ச்சை விட்டு வராதீர்கள்.

செயலாளர்