ஆங்கிலக் கட்டுரையைப் பாடமாக்குவது கற்றலாகாது

ஆசிரியர் அவர்கட்கு,

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் போதெல்லாம் வன்னி மாணவரின் ஆங்கிலச் சித்தி குறித்துக் கவலை தெரிவிக்கப்படுவதும், ஆசிரியர் பற்றாக்குறையும் போக்குவரத்து வசதியின்மையும் காரணங்களாகக் கூறப்படுவதும் வழக்கமாகிவிட்டன. அவை உண்மையே. ஆயினும், இருக்கின்ற ஆசிரியர்களைக் கொண்டே திருத்திக்கொள்ளக்கூடிய குறையொன்றும் உண்டு.

பத்தாம், பதினோராம் தர மாணவர் பலர் ரியூசன் குறிப்புகளிலுள்ள சில கட்டுரைகளைச் சொல்லுக்குச் சொல் பாடமாக்கிக்கொண்டே பரீட்சைக்குச் செல்கின்றனர். சுற்றாடல் மாசடைதலைப் பாடமாக்கியவர், வினாவில் நூலகத்தின் பயன் கேட்கப்பட்டிருந்தாலும் மாசடைதலையே எழுதிவிட்டு வருகிறார். ஒரு கருத்தை முதல் வாக்கியத்தில் நிறுத்தி, பின்வரும் வாக்கியங்களால் அதை விளக்குவதே பந்தி என்பது அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. இதை விளங்கவைக்க வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் பொங்கல் விழாவே போதும். அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது அங்குள்ள தனிச்சிறப்பு என்பது முதல் வாக்கியமானால், சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பதும் அதைக் கொண்டுவரும் முறையும் அடுத்து வரவேண்டும். கச்சான் கடைகளைப் பற்றிய வாக்கியம், எவ்வளவு சுவையானதாயினும், வேறொரு பந்திக்கு உரியது.

இலக்கணப் பிழைகளிற் பல தமிழ் வாக்கிய அமைப்பின் பழக்கத்தால் நேர்பவை. 'அப்பா விவசாயி' என்பது வினைச்சொல் இல்லாமலே தமிழில் நிறைவான வாக்கியம் என்பதால், பிள்ளை 'மை ஃபாதர் ஃபாமர்' என்று எழுதிவிடுகிறது. விடுபட்ட 'இஸ்', 'ஏ' இரண்டையும் சிவப்பு மையால் செருகிக் கொப்பியைத் திருப்பிக் கொடுப்பதைவிட, இரு மொழிகளும் எவ்விடத்தில் பிரிகின்றன என்பதைக் கரும்பலகையில் காட்டி, அதே பந்தியை மறுபடியும் எழுதவைப்பது பயன்தரும். திருத்திய கொப்பியை விரித்துப் பார்க்கும் மாணவர் மிகச் சிலரே.

ஆங்கில இலக்கியம் சாதாரண தரத்தில் விருப்பப் பாடமே. நம் பாடசாலைகள் பலவற்றில் அதைக் கற்பிக்க ஆளில்லை. எனினும், நம் பிள்ளைகளுக்கு அது எட்டாது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். 'மதி போன்ற முகம்' உவமை என்றும் 'முகமதி' உருவகம் என்றும் தமிழ்ப் பாடத்தில் பிரித்தறியும் பிள்ளைக்கு சிமிலியும் மெட்டஃபரும் புதியவை அல்ல. உண்மையில் இடறுவது வேறிடத்தில்: கதையில் 'நான்' என்று பேசுபவரை எழுத்தாளராகவே எண்ணிவிடுகின்றனர். அதற்கும் விடை தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. கபிலர் பாடிய தலைவி கூற்றில் பேசுபவள் தலைவியே அன்றிக் கபிலர் அல்லர் என்று அறிந்த மாணவருக்கு, ஆங்கிலக் கதைசொல்லியையும் எழுத்தாளரையும் வேறுபடுத்திக் காட்டுவது கடினமன்று. ஆனால் தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் இருந்தும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஆகவே, வலயக் கல்வி அலுவலகங்களின் ஆசிரிய ஆலோசகர்கள் இவ்விரு பாட ஆசிரியர்களையும் ஒரே செயலமர்வுக்கு அழைக்க வேண்டும். தங்கள் பத்திரிகையும் மாணவர் பக்கத்தில் மாதிரி வினாத்தாள்களுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியை எடுத்து, மாணவர் ஒருவர் எழுதிய ஆங்கிலப் பந்தியையும், திருத்தத்துக்குப் பின் அவரே மறுபடி எழுதிய வடிவத்தையும் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆங்கில ஆசிரியர்,
முள்ளியவளை.