மன்னிக்க அவர் யார்? உலக சினிமா போடும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் மாதாமாதம் உலக சினிமா போட்டுக் காட்டும் தோழர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறவன் நான். முகூர்த்த மாதங்களில் லைட் மியூசிக் ட்ரூப்பில் வாசிப்பேன். ஞாயிறு காலை ராயபுரத்தில் சர்ச் கொயருக்கு வாசிப்பேன். போன மாதம் நீங்கள் ‘அமதேயஸ்’ போட்டபோது பின்வரிசையில் இருந்தேன். வியன்னாவின் இசைமேதை மொசார்ட்டையும் அவர்மேல் பொறாமைப்படும் அரசவை இசைஞர் சாலியேரியையும் பற்றிய படம். கிழவரான சாலியேரி மனநோயாளிகள் விடுதியில் ஒரு பாதிரியாரிடம் பழைய கதையைச் சொல்வதாகப் படம் போகிறது. மண்டபத்தைப் பூட்ட நேரமாகிவிட்டது என்று மொசார்ட்டைக் குழியில் போட்டதும் படத்தை நிறுத்திவிட்டீர்கள். மைக் பிடித்த தோழர், “பொறாமையில் ஒரு மேதையைக் கொன்றவன் கடைசியில் பைத்தியமாகிறான், மிச்சம் அவ்வளவுதான்” என்றார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் கொலை விவகாரம். அந்தப் படத்தில் விஷம் கிடையாது. கொல்லத் திட்டமிடுகிற சாலியேரி, கடைசி இரவில் மொசார்ட்டின் கட்டிலருகே உட்கார்ந்து, சாகிறவர் சொல்லச் சொல்ல நோட்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறார். வேகமாகப் போகிறாய், எனக்குப் பிடிபடவில்லை என்று கெஞ்சுகிறார். அந்த இரவே நிஜத்தில் நடக்காதது. படத்தில் அன்று எழுதப்படுவது ‘ரெக்வியம்’, இறந்தவர்களுக்கான பூசை இசை. நிஜத்தில் அதைக் கேட்டு ஆள் அனுப்பியவர் வால்செக் என்ற பிரபு, இறந்துபோன தன் மனைவிக்காக. மொசார்ட் 1791 டிசம்பரில் இறந்தபின் அதை முடித்துக் கொடுத்தவர் அவருடைய உதவியாளர் சூஸ்மாயர். சாலியேரி விஷம் வைத்தார் என்ற வதந்தியை வைத்து ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830இல் ஒரு குறுநாடகம் எழுதினார். பீட்டர் ஷாஃபர் 1979இல் அந்தக் கதையைத் தன் நாடகமாக்கினார். 1984இல் மிலோஷ் ஃபோர்மன் அதைப் படமாக்கினார். நிஜ சாலியேரி அரசவையின் தலைமை இசைஞர். பேதோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவருக்கும் பாடம் சொன்னவர். மொசார்ட்டின் இளைய மகனும் அவரிடம் படித்தான். ஒரு வாத்தியாராக இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

இனி படத்தின் சாலியேரி. சிறுவயதில் அவர் கடவுளிடம் ஒரு பேரம் போடுகிறார். இசையைக் கொடு, புகழைக் கொடு, பதிலுக்கு என் பிரம்மச்சரியத்தையும் உழைப்பையும் பணிவையும் வைத்துக்கொள். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கும் வடிவுடையம்மனிடம் முடிந்துகொள்கிறவர்களுக்கும் இந்தப் பேரம் புரியும். கடவுள் அவரை ஏமாற்றிவிட்டார் என்பது அவருடைய புகார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுள் அவருக்குக் காதைக் கொடுத்திருக்கிறார். ராஜாவுக்கு மொசார்ட்டின் இசையில் சுரங்கள் அதிகமாகத் தெரிகின்றன. சாலியேரிக்கோ காகிதத்தைப் பார்த்தாலே இசை கேட்கிறது. மொசார்ட்டின் மனைவி கொண்டுவந்த கையெழுத்துப் பிரதிகளில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை என்று கண்டதும் தாள்கள் கை நழுவி விழுகின்றனவே, அந்த இடத்தைப் பாருங்கள். பொறாமை யாருக்கும் வரும். இவ்வளவு நுணுக்கமாகப் பொறாமைப்பட ரசனை வேண்டும். சாலியேரியாக நடித்த எஃப். முர்ரே ஆபிரகாம் அதை முகத்திலேயே காட்டுகிறார். மொசார்ட்டாக நடித்த டாம் ஹல்ஸும் அந்த வருடம் அவரோடு சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் போட்டியில் இருந்தார். விருது ஆபிரகாமுக்குப் போனது. சுமாரானவனாக நடித்தவருக்கு முதல் பரிசு! பழைய சாலியேரி உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் கடவுளைத் திட்டியிருப்பார்.

இப்போது நீங்கள் காட்டாமல் விட்டது. பாவமன்னிப்புக் கொடுக்க வந்த இளம் பாதிரியார் கதை முழுவதையும் கேட்டுவிட்டுப் பேச்சற்று, கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். தன் செல்லப்பிள்ளையைக் கொன்றவர் கடவுள்தான் என்கிறார் கிழவர். கடவுளின் புகழில் சிறு பங்குகூட ஒரு சுமாரானவனுக்குக் கிடைக்கக்கூடாதென்று மொசார்ட்டைக் கொன்றுவிட்டு, தன் இசையை ஊர் மறந்து அது தேய்வதை உட்கார்ந்து பார்க்கத் தன்னை மட்டும் 32 வருடம் உயிரோடு வைத்திருக்கிறார் என்கிறார். இந்த நேரம் பார்த்து உதவியாள் உற்சாகமாக உள்ளே வருகிறான். கழிப்பறைக்கு நேரமாச்சு, அப்புறம் உங்களுக்குப் பிடித்த இனிப்பு ரொட்டி! பிரபஞ்சத்தோடு வழக்காடுகிறவருக்கும் காலைக்கடன் உண்டு. ஃபோர்மன் சிரிக்காமல் இதை நடுவில் வைக்கிறார்.

பிறகு சக்கர நாற்காலி நகர்கிறது. உலகத்திலுள்ள சுமாரானவர்கள் எல்லோருக்கும் நானே பிரதிநிதி, நானே காவல் புனிதர் என்று பாதிரியாரிடம் அறிவித்துவிட்டு, நடைவழியில் கட்டுண்டு கிடக்கும் மனநோயாளிகளைப் பார்த்துக் கையுயர்த்தி, உங்களை மன்னிக்கிறேன், மன்னிக்கிறேன் என்று ஆசீர்வதித்துக்கொண்டே போகிறார். பின்னணியில் மொசார்ட்டின் 20வது பியானோ கான்செர்ட்டோவின் மெதுவான பகுதி. கடைசியில் மொசார்ட்டின் அந்தக் கிறுக்குச் சிரிப்பு.

தோற்றவர் பணிந்துபோனதாக இதை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் பணிவே தெரியவில்லை. மேதைகள் வரிசையில் இடம் கிடைக்காதவர், சுமாரானவர்கள் வரிசையிலாவது முதல் நாற்காலி கேட்கிறார். அதோடு, எதற்கு மன்னிப்பு? சுமாராக வாசிப்பது என்ன பாவம்? அந்த நடைவழியில் யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு அவரைக் கேலி செய்கிறது என்பார் பலர். அது அவரைக் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். அதுதான் இன்னும் கொடுமை. இத்தனைக்குப் பிறகும் அந்தக் கிழவர்மேல் எனக்கு இரக்கம் வருகிறது. வராவிட்டால் படம் தோற்றிருக்கும்.

வியன்னா அரண்மனைக் கதை வடசென்னைக்கு எதற்கு என்று அன்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். படம் தொடங்கும்போது பனியில் கிழவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில் அதிருகிற இசை, மொசார்ட் 17 வயதில் எழுதிய 25வது சிம்பொனி. அதன் மெட்டுதான் டைட்டன் வாட்ச் விளம்பரத்தில் வருகிறது. அரங்கில் பாதிப்பேர் அதை முனகினீர்கள். சாலியேரியின் மெட்டு ஒன்றை யாராவது முனக முடியுமா? படத்தில் பாதிரியாருக்கும் முடியாது. அந்தக் காட்சி நம் அரங்கிலும் அப்படியே நடந்தது.

இன்னொரு பதில் மணலியில் இருக்கிறது. மொசார்ட் காலத்தை ஒட்டி, மணலி முத்துகிருஷ்ண முதலியார், அவர் மகன் சின்னையா முதலியார் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் அங்கே இருந்தது. கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்ட் வாசிப்பதை அந்த வீட்டுப் பையன்கள் கேட்டார்கள். மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரி போட்டவைதான் நோட்டு ஸ்வர சாகித்யங்கள். தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக்கொண்டார். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் வந்த வழிகளில் அது ஒன்று. அந்த பேண்டில் வாசித்தவர்கள் யார்? பெயர் எதுவும் நம் காதுக்கு வரவில்லை. சம்பளத்துக்கு, அணிவகுப்புக்கு, விருந்துக்கு வாசித்த ஆட்கள். பெரும்பாலும் சுமாராகத்தான் வாசித்திருப்பார்கள் என்று என் தொழில் அனுபவம் சொல்கிறது. அந்தச் சுமார் வாசிப்பு ஒரு மேதையின் காதில் விழுந்தது. அவர்களுக்கும் மன்னிப்பு வழங்குவாரா சாலியேரி?

என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிரேடு எக்ஸாம் நாலைந்தோடு நின்றுவிடுவார்கள். ஒருத்தி மட்டும், நான் காட்டாத கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை, அவளாகவே கண்டுபிடித்து வாசிக்கிறாள். அப்போது வயிற்றில் ஏதோ செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கடுத்த வாரமும் அவளுக்கு வகுப்பு எடுக்கத்தான் செய்கிறேன். சாலியேரியும் நிஜத்தில் அதைத்தான் செய்தார், வசதியில்லாத மாணவர்களிடம் காசு வாங்காமல். படத்துக்கு அந்த மனிதர் தேவைப்படவில்லை. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் முடிந்தபின் பேசுகிறவர் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம்.

ஆகவே தோழர்களே, படத்தை மறுபடி போடுங்கள். 1984 பதிப்பு 160 நிமிடம். 2002இல் வந்த நீளமான பதிப்பு 180 நிமிடம், அது வேண்டாம். மொசார்ட்டின் மனைவியை சாலியேரி அவமானப்படுத்தும் காட்சி அதில் வருகிறது. அதைப் பார்த்த பிறகு கிழவர்மேல் இரக்கம் வருவது கஷ்டம். ஐந்தரைக்கே தொடங்கிவிடுங்கள், வரவேற்புரையைப் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் ஒன்று இரைகிறது, என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது, கொண்டுவருகிறேன். பெரிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேரையும் அழைத்துவருவேன், பாதியில் எழுந்து போகமாட்டார்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டை கீபோர்டு வாத்தியார்