மடங்கிய முனை

மயிலாடுதுறை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். குறுவை அறுப்பு முடிந்து, தாளடி நடவுக்கு ஆள் வரும்வரை கிடைத்த இரண்டு நாளில் உன் நாவலைப் படித்து முடித்தேன். போக்கர் ஆட்டத்தையும் மோசடிக் கும்பலையும் நீ பின்னியிருக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தாலும், மில் முதலாளி சொத்தை இழக்கும் காட்சியை மட்டும் ஏற்க முடியவில்லை.

மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு எவரும் ரைஸ் மில்லைப் பந்தயம் கட்ட மாட்டார்கள். ஆகையால் கும்பல் அவருக்கு நல்ல சீட்டைத்தான் கொடுக்கும். நான்கு ராஜாக்களைக் கொடு. எடுத்த எடுப்பில் ஐந்து சீட்டில் நான்கு ஒன்றாக விழுவது சுமார் 4,165 முறைக்கு ஒருமுறைதான் என்பதால், அவர் துணிந்து எதையும் வைப்பார். நான்கு ராஜாக்களையும் வெல்ல, எதிராளியிடம் இஸ்பேட்டில் ஐந்து முதல் ஒன்பது வரை வரிசையாக இருந்தால் போதும். முன்கூட்டியே அடுக்கி வைத்த சீட்டுக்கட்டை மாற்றும் நொடியையும் காட்டு: மணிக்கணக்கில் கைமாறிய கட்டில் விரல்சூடு ஏறியிருக்கும், புதிதாக நுழைந்தது சில்லென்றிருக்கும்.

இதைவிட முக்கியமானது, அவரை இவ்வளவு அப்பாவியாக்காதே. நாம் படித்த காலத்தில், ஐப்பசிக் கடைசி நாளான கடைமுகத்தன்று காவிரித் துலாக்கட்டத்துக்குப் போகும் வழியில் சாக்கு விரித்து, மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ராணி எது என்று பந்தயம் கட்டவைத்தவன் நினைவிருக்கிறதா? அவன் வெற்றிலை எச்சிலைத் துப்பத் திரும்பியபோது, கூட்டத்தில் நின்ற ஒருவன் ராணியின் முனையை லேசாக மடக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவனும் கூட்டாளி என்பதும், சீட்டைப் போடும் வேகத்திலேயே அந்த மடிப்பை நிமிர்த்தி வேறொரு சீட்டின் முனையை மடக்கிவிடலாம் என்பதும் பல வருடம் கழித்தே எனக்குத் தெரிந்தன. உரம் வாங்க அப்பா கொடுத்த பணம் முழுவதையும் மடங்கிய சீட்டின்மேல் வைத்தேன். திருப்பினால் கிளாவர் ஏழு.

போலீசிடம் சொல்லலாம் என்று நீ துடித்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரணத்தை உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அந்த மடிப்பை நம்பி, அவனை ஏமாற்றத்தான் நான் பணம் வைத்தேன். அதை எந்த வாயால் புகாராகச் சொல்வது?

உன் மில் முதலாளிக்கும் அப்படியொரு மடங்கிய முனையைக் கொடு. எதிராளியின் சீட்டைப் பார்த்துச் சைகை காட்ட அவரே ஓர் ஆளை அமர்த்தட்டும். அந்த ஆளே கும்பலைச் சேர்ந்தவனாக இருக்கட்டும். பிறகு அவர் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று நீ இரண்டு பக்கம் விளக்க வேண்டியிருக்காது.

கடைமுகத்துக்கு வரும்போது திருத்திய பிரதியைக் கையோடு கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்